ஏறினால் போதுமா? இறங்க வேண்டாமா?

(தலைப்பு: வெளிநாட்டு ஓட்டல் வேலை – ஏணியா? தூண்டிலா? 'தூண்டிலே' என்ற அணியில் பேசியது)

நடுவர் அவர்களே! ஏணியைத் தோளிலே தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்திருக்கும் என் அருமை நண்பர்களே! நெய்வேலி நகரியத்திலிருந்தும், வளையமாதேவி, சேத்தியாத்தோப்பு பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வேலைவெட்டியைப் போட்டுவிட்டு வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே!

எனக்கு முன்னால் பேசின அம்மா ரொம்ப அழகாப் பேசினாங்க. சிங்கப்பூர் ஓட்டல்ல மேசை துடைச்ச பையன் ஊர்ல மாடி வீடு கட்டிட்டான்னாங்க. துபாய் ஓட்டல்ல பாத்திரம் கழுவின அண்ணன் தங்கச்சிக்குப் பவுன் பவுனாப் போட்டுக் கட்டிக் கொடுத்தான்னாங்க. நீங்களும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். ஏன்னா அது பொய் இல்லை. அந்த மாடி வீடும் உண்மை, அந்தப் பவுனும் உண்மை.

ஆனா அம்மா, ஒண்ணு கேட்கிறேன். பரண் மேல இருக்கிற அண்டாவை எடுக்க ஏணி வச்சு ஏறுறீங்க. ஏறின பிறகு வீட்டுக்காரர் வந்து ஏணியை எடுத்துக்கிட்டுப் போயிட்டார். "அண்டாவைத் துலக்கி முடி, ரெண்டு வருஷம் கழிச்சு ஏணியைத் தர்றேன்" என்கிறார். அப்போ அவரைப் பார்த்து என்ன சொல்வீங்க? (சிரிப்பு) அதை இந்த மேடையில் சொல்ல முடியாது! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர் அவர்களே, என் வாதம் அவ்வளவுதான். ஏற முடிவது மட்டும் ஏணிக்கு அடையாளம் இல்லை. வேண்டும்போது இறங்கவும் முடியவேண்டும். வெளிநாட்டுக்குப் போய் விருந்தினருக்குச் சோறு பரிமாறும் நம் பிள்ளைக்கு, "இந்த முதலாளி வேண்டாம், வேறு முதலாளியிடம் போகிறேன்" என்று சொல்லும் உரிமை இருந்தால் அது ஏணி. இல்லை என்றால், புழு எவ்வளவு கொழுத்ததாக இருந்தாலும் தூண்டில் தூண்டில்தான்!

இது ஏதோ கல்ஃபில் எண்ணெய் கிடைத்த பிறகு வந்த கதை என்று நினைக்காதீர்கள். 160 வருஷத்துக்கு மேலான கதை. கொஞ்சம் பின்னால் போவோம்.

1834-ல் ஆங்கில சாம்ராஜ்யத்தில் அடிமை முறை ஒழிந்தது. அடிமை ஒழிந்தான், கரும்பு ஒழியவில்லை. அதை வெட்ட ஆள் வேண்டும். எங்கே போவது? நம்மிடம்தான் வந்தார்கள். 1860 நவம்பர் 16-ம் தேதி 'ட்ரூரோ' என்ற கப்பல், சென்னையில் ஏற்றிய சுமார் 340 பேரோடு தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரைக்கும் நேட்டாலுக்கு மட்டும் போனவர்கள் 1,52,000-க்கும் மேலே. பெரும்பாலோர் சென்னையில் கப்பல் ஏறியவர்கள். எந்த மாவட்டத்துக்காரர்கள் தெரியுமா? வட ஆற்காடு, செங்கல்பட்டு, அப்புறம் நம்ம தென்னாற்காடு! இந்த வளையமாதேவி இருந்த அதே பழைய தென்னாற்காடு ஜில்லா.

ஒப்பந்தம் ஐந்து வருஷம். முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங் கூலி. வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். சோறு உண்டு, குடிசை உண்டு, வைத்தியம் உண்டு. கேட்கிறதுக்கு எப்படி இருக்கு? இன்றைக்கு ஏஜெண்ட் சொல்கிறானே, "சாப்பாடு, ரூம் ஃப்ரீ" என்று, அதே பாட்டுதான்! (சிரிப்பு) அந்தக் காலத்து ஏஜெண்டுக்கு ஊரிலே வைத்த பெயர் ஆள்கட்டி. எவ்வளவு பொருத்தமாக வைத்திருக்கிறான் பாருங்கள் தமிழன். ஆளைக் கட்டிக்கொண்டு போகிறவன்!

எதிரணி நண்பர் முணுமுணுக்கிறார், எனக்குக் கேட்கிறது. "கரும்புத் தோட்டத்துக் கதையை ஓட்டல் பட்டிமன்றத்தில் ஏன் பேசுறீங்க?" என்கிறார். நல்ல கேள்வி. சொல்கிறேன்.

டர்பனில் ஓட்டல்கள் இருந்தன. வெள்ளைக்காரத் துரைமார்களின் கிளப்புகள் இருந்தன. அங்கே சமைக்க, பரிமாற ஆள் வேண்டும். தோட்டக் கூலியைக் கொண்டுவந்த அதே சட்டத்தின் கீழே, 'சிறப்புப் பணியாளர்' என்று ஒரு வகை வைத்து, சென்னையிலிருந்து சமையற்காரர்களையும் மேசைப் பணியாளர்களையும் கேட்டு வாங்கினார்கள். கொஞ்சம் கூடுதல் கூலி. வெள்ளைச் சட்டை, தலைப்பாகை. தோட்டத்தில் வெயிலில் நிற்கிறவனைப் பார்த்தால் இவன் ராஜா மாதிரி தெரிவான். ஆனால் தோட்டக்காரன் கட்டப்பட்ட அதே கயிற்றில்தான் இவனும் கட்டப்பட்டிருந்தான். முதலாளியைப் பிடிக்கவில்லை என்று வேலையை விட்டால் அது குற்றம். சாதாரண வேலைக்காரன் நின்றுவிட்டால் முதலாளி வழக்குப் போடலாம், நஷ்டஈடு கேட்கலாம். ஒப்பந்தக்காரன் நின்றுவிட்டாலோ ஜெயில்! ஆக, ஓட்டலுக்கு வெளிநாட்டிலிருந்து தற்காலிக ஆள் எடுக்கும் வழக்கத்துக்கு நாம் புதியவர்கள் இல்லை. நம் கொள்ளுத்தாத்தா காலத்திலேயே தட்டு ஏந்திவிட்டோம்.

அந்தக் கயிறு எப்படிப்பட்டது என்பதற்கு ஒரே ஒரு ஆளைச் சொல்கிறேன். பாலசுந்தரம். தமிழன். டர்பனில் பேர் பெற்ற ஒரு வெள்ளைக்காரரிடம் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவன். 1894-ல் ஒருநாள், பல் உடைந்து, வாயில் ரத்தம் வழிய, கிழிந்த துணியோடு, தலைத்துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு இளம் வக்கீலின் அறைக்குள் வந்து நின்றான். அந்த வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. அங்கே இருந்த தமிழ்க் குமாஸ்தா அவன் சொன்னதை மாற்றிச் சொன்னார். அந்த வக்கீல் யார்? நம்ம காந்தியடிகள்! அப்போ அவருக்கு வயது 25.

காந்தியடிகள் என்ன செய்தார்? இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். அடித்த முதலாளியை ஜெயிலில் தள்ள அவர் நினைக்கவில்லை. "இவனை வேறு ஒரு முதலாளிக்கு மாற்றிவிடுங்கள்" என்றார். ஏன் என்றால் அன்றைய சட்டப்படி அவன் வெளியே வர இரண்டே வழி. ஒன்று, ஒப்பந்தக் கூலிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரி ஒப்பந்தத்தை ரத்து செய்யவேண்டும் அல்லது வேறு ஆளுக்கு மாற்றவேண்டும். இன்னொன்று, அடித்த முதலாளியே மனம் இரங்கி விடவேண்டும். கடைசியில் காந்தியடிகளே ஒரு புது முதலாளியைத் தேடிக் கொடுத்து அவனை மாற்றினார். யோசித்துப் பாருங்கள். ஒரு மனிதன் முதலாளியை மாற்றிக்கொள்ள ஒரு மகாத்மா தேவைப்பட்டார்! (கைதட்டல்) எல்லா ஓட்டல் வாசலிலும் மகாத்மா நிற்பாரா ஐயா?

சரி, ஐந்து வருஷம் முடிந்தால் விட்டார்களா? அங்கேதான் இன்னொரு முடிச்சு. உழைப்பு வேண்டும், ஆனால் உழைத்தவன் நிரந்தரமாக அங்கே குடியிருந்துவிடக் கூடாது. அதற்காக 1895-ல் ஒரு சட்டம். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்க நினைத்தால் ஆளுக்கு வருஷம் 3 பவுன் வரி. 3 பவுன் என்றால் 60 ஷில்லிங். ஐந்தாவது வருஷம் அவன் வாங்கிய கூலி மாதம் 14 ஷில்லிங். நாலு மாசத்துக்கு மேலான சம்பளம் வரிக்கே போய்விடும். மனைவிக்கு வரி, வயசுக்கு வந்த பிள்ளைக்கு வரி. கட்ட முடியவில்லையா? ஊருக்குத் திரும்பு, இல்லை மறுபடி ஒப்பந்தத்தில் கைநாட்டு வை.

அதை எதிர்த்துத்தான் 1913-ல் பெரிய வேலைநிறுத்தம் வந்தது. நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்கி கரும்புத் தோட்டத்துக்குப் பரவி, டர்பன் நகரத்து ஓட்டல் பணியாளர்கள் வரைக்கும் வேலையை நிறுத்தினார்கள். அந்தப் போராட்டத்தில் சிறை போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் 16 வயதில் உயிர்விட்டாளே, அவள்தான் நம் தில்லையாடி வள்ளியம்மை. அதே வருஷம் 3 பவுன் வரி ஒழிந்தது. ஆக, 'தற்காலிகம்' என்ற வார்த்தையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். அதை எதிர்த்து நம் பெண்பிள்ளை ஒருத்தி உயிரையே கொடுத்திருக்கிறாள்.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் செய்த கொடுமை, நம்மவன் செய்வானா?" என்று கேட்பீர்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவன் யார்? கங்காணி. நம்மவன்தான், நம் ஊர்க்காரன்தான். கப்பல் செலவு, முன்பணம் எல்லாம் கடனாக எழுதிவிடுவான். அந்தக் கடனை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குப் பெயர் 'துண்டு'. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமா? துண்டு வேண்டும். புதிய தோட்டம் பழைய கடனைக் கட்டினால்தான் ஆள் நகர முடியும். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி விலை பேசுவார்கள். இலங்கையில் துண்டுச் சீட்டைக் காட்டி மனிதனுக்கு விலை பேசினார்கள்! 1921-ல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். கப்பல் ஒப்பந்த முறை அதற்கு முந்தின வருஷமே, 1920-ல் முடிந்துபோனது.

முடிந்ததா? பெயர் மாறியது ஐயா.

1973-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவில் கட்டடங்கள் எழுந்தன, ஓட்டல்கள் எழுந்தன. நம் பிள்ளைகள் போனார்கள். அங்கே வேலை செய்யவேண்டும் என்றால் ஒரு உள்ளூர் ஆள் பொறுப்பு ஏற்கவேண்டும். அவருக்குப் பெயர் கபீல். பையன் நாட்டுக்குள் இருக்கலாமா என்பது கபீல் கையில். வேறு ஓட்டலில் நல்ல சம்பளம் கிடைக்கிறதா? கபீலிடம் என்.ஓ.சி. வாங்கி வா. 'ஆட்சேபணை இல்லை' என்ற அந்த ஒரு காகிதத்துக்கும் அந்தக் காலத்துத் துண்டுக்கும் என்ன வித்தியாசம்? துண்டு தமிழில் இருந்தது, இது அரபியில் இருக்கிறது! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, நான் குறை மட்டும் சொல்ல வரவில்லை. இதை மாற்ற முடியும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. கத்தாரில் 2022-ல் உலகக் கோப்பை கால்பந்து. அதற்காக ஓட்டல் மேல் ஓட்டலாகக் கட்டினார்கள். உலகமே அங்கே உழைத்தவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தது. அதனால் 2020-ல், முதலாளியின் என்.ஓ.சி. இல்லாமலே வேலை மாறலாம் என்று சட்டம் வந்தது. 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால் என்று ஆனது. சட்டம் வந்தால் போதாது, நடக்கவும் வேண்டும். அது வேறு சங்கதி. ஆனால் கயிறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துத்தானே அவிழ்த்தார்கள்?

பணக்கார நாடான கனடாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் ஓட்டலுக்கும் உணவகத்துக்கும் தற்காலிக வெளிநாட்டு ஆள் எடுக்கிறார்கள். உள்நாட்டு ஆளைத் தள்ளிவிட்டு வெளிநாட்டு ஆளை எடுக்கிறார்கள் என்று புகார் கிளம்பி, 2014 ஏப்ரலில் உணவகங்களுக்கு ஆள் எடுப்பதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தார்கள். அனுமதிச் சீட்டு ஒரே முதலாளியின் பெயரில். துன்புறுத்தப்பட்டவர்கள் மட்டும் வேறு எந்த முதலாளியிடமும் போகலாம் என்று தனி அனுமதி கொடுக்க 2019 வரைக்கும் ஆயிற்று. பாலசுந்தரம் காந்தியடிகளிடம் கேட்டது இதைத்தானே? நூற்றிருபத்தைந்து வருஷம் கழித்துக் கனடாவில் கிடைக்கிறது!

மலேசியாவில் கதை இன்னும் சுவாரசியம். அங்கே வாழை இலைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர் நம்மவர். ஆள் வேண்டும் என்று கேட்கிறவரும் நம்மவர். 2018-ல் வேண்டாம் என்று சொன்ன மனிதவள அமைச்சர் குலசேகரனும் நம்மவர்! (சிரிப்பு) 2019 முதல் உணவகங்களில் உள்நாட்டுச் சமையற்காரர்தான் இருக்கவேண்டும் என்று ஒரு யோசனையைச் சொன்னார். கடைக்காரர்கள் கொதித்துப் போனார்கள், யோசனை பின்வாங்கியது. சிங்கப்பூரிலும் அப்படித்தான். இந்திய உணவகங்களுக்குச் சமையற்காரர் கிடைக்கவில்லை என்று கேட்டுக் கேட்டு, 2023 செப்டம்பரில் இந்தியாவிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் சமையற்காரரைக் கூட்டிவரலாம் என்று கதவைத் திறந்தார்கள். ஆள் எடுப்பதை நிறுத்த முடியாது என்பதற்கு இதெல்லாம் சாட்சி. நான் நிறுத்தச் சொல்லவும் இல்லை. எந்த முறையில் எடுக்கிறாய் என்பதுதான் என் கேள்வி.

எதிரணியினர் கேட்கலாம்: "கட்டிப் போடாமல் ஆள் எடுத்தால் ஓடிப்போக மாட்டானா? ஓட்டல் நடக்குமா?" நடக்கும் ஐயா! வெளிநாட்டுக்கே போகவேண்டாம், நம் நாட்டு ஓட்டல் அடுக்களைக்குள்ளே வாருங்கள். அங்கே நேபாளத்துப் பையன் நிற்பான். அவன் வெளிநாட்டுக்காரன்தானே? 1950-ல் இந்தியாவும் நேபாளமும் செய்துகொண்ட நட்பு ஒப்பந்தப்படி, ஒரு நாட்டுக்காரர் மறு நாட்டில் தங்கலாம், தொழில் செய்யலாம். அவனுக்குக் கபீல் கிடையாது. முதலாளி திட்டினால் சட்டையை மாட்டிக்கொண்டு அடுத்த ஓட்டலுக்குப் போய்விடலாம். அவனுக்கும் கஷ்டம் உண்டு, சம்பளம் குறைவு, எல்லாம் உண்மை. ஆனால் அவன் காலில் சட்டம் கட்டிய கயிறு இல்லை. எழுபது வருஷத்துக்கு மேலாக ஓட்டல்கள் நடந்துகொண்டுதானே இருக்கின்றன? எவன் மூடினான்?

ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து நமக்குப் பரோட்டா போடுகிறவன் நம் நாட்டுக்காரன். அவனையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 2023 மார்ச் மாதம், தமிழ்நாட்டில் வட மாநிலத்தவரை அடிக்கிறார்கள் என்று பொய்யான வீடியோக்கள் பரவின. பயந்துபோய் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் நிலையத்தில் நின்றார்கள் அந்தப் பிள்ளைகள். டர்பனில் நின்ற நம் தாத்தாவின் முகம் அந்த முகம்தான். வெளியூரில் நம் பிள்ளைக்கு நியாயம் கேட்கிற வாய், உள்ளூரில் அடுத்தவன் பிள்ளைக்கும் நியாயம் கேட்கவேண்டாமா? வள்ளுவர் விருந்தோம்பலுக்கு என்று ஒரு அதிகாரமே வைத்தார். விருந்தினரைக் கவனிக்கச் சொன்னார். அந்த விருந்தைப் பரிமாறுகிறவனைக் கவனிக்கவேண்டியது நம் பொறுப்பு இல்லையா? (கைதட்டல்)

இப்போது வளையமாதேவிக்கு வருகிறேன். இந்தப் பிள்ளைகள் ஏன் போகிறார்கள்? ஆசைக்காக மட்டும் இல்லை. 1957-ல் இங்கே சுரங்க வேலை தொடங்கியது. இந்த மாநிலத்துக்கு வெளிச்சம் கொடுத்த மண் இது. அந்த வெளிச்சத்துக்காக ஊர் ஊராக நிலம் கொடுத்தார்கள். 2023 ஜூலை 26-ம் தேதி வளையமாதேவியில் நெற்பயிர் நின்ற வயலுக்குள் இயந்திரங்கள் இறங்கி, பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்டியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நிலம் முன்பே எடுத்தாகிவிட்டது, இழப்பீடும் கொடுத்தாகிவிட்டது என்றது நிறுவனம். பயிர் கதிர் பிடிக்கும் நேரத்திலா என்று அழுதார்கள் உழவர்கள். அந்த வழக்கைத் தீர்க்க நான் இங்கே வரவில்லை. ஒன்றே ஒன்று சொல்கிறேன். நிலம் கொடுத்தவர்கள் என்ன கேட்டார்கள்? நிரந்தர வேலை. ஒப்பந்த வேலைக்கும் நிரந்தர வேலைக்கும் என்ன வித்தியாசம் என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நான் பாடம் எடுக்கவேண்டுமா?

ஊரில் ஒரு காணி நிலம் இருக்கிறவன் வெளிநாட்டில் என்ன சொல்வான்? "போய்யா நீயும் உன் ஓட்டலும், எனக்கு என் வயல் இருக்கு" என்று சொல்லித் திரும்பி வருவான். வயல் போனவன், ஏஜெண்டுக்குக் கொடுக்க மூணு வட்டிக்குக் கடன் வாங்கினவன், அவன் எப்படிச் சொல்வான்? அங்கே கபீல் பிடித்துக்கொள்கிறான், இங்கே கடன்காரன் பிடித்துக்கொள்கிறான். தூண்டிலுக்கு இரண்டு முள், நடுவர் அவர்களே!

அதனால் தாய்மார்களே, உங்கள் பிள்ளை போகிறேன் என்றால் தடுக்காதீர்கள். போகும் முன்னால் நாலு கேள்வி கேளுங்கள். சம்பளம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். முதல் கேள்வி: பிடிக்காவிட்டால் வேலை மாற முடியுமா? ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டாவது: பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? 1967-ம் வருஷத்துப் பாஸ்போர்ட் சட்டப்படி அது இந்திய அரசின் சொத்து. எந்த ஓட்டல் முதலாளியின் பெட்டியிலும் பூட்டி வைக்கிற பொருள் இல்லை. மூன்றாவது: ஏஜெண்ட் 1983-ம் வருஷத்துக் குடிபெயர்வோர் சட்டப்படி பதிவு செய்தவரா? வாங்கின பணத்துக்கு ரசீது கொடுப்பாரா? நாலாவது: அரசாங்க வழியைப் பார்த்தாயா? தமிழக அரசே 1978-ல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. ஆள்கட்டி கதவைத் தட்டும் முன்னால் அந்தக் கதவைத் தட்டலாமே!

நிறைவாக நடுவர் அவர்களே, எதிரணியினர் ஏறினவர்களை மட்டும் எண்ணிக் காட்டினார்கள். மாட்டிக்கொண்டவன் மாடி வீடு கட்டுவதில்லை. அதனால் அவன் நம் கண்ணில் படுவதில்லை. அவனையும் சேர்த்து எண்ணுங்கள். வேலை மாறும் உரிமையைக் கொடுத்த நாட்டுக்கு நம் பிள்ளை போனால், அது ஏணி என்று நானே ஒப்புக்கொள்கிறேன். அந்த உரிமை எழுத்திலே வரும்வரைக்கும், வந்தது நடைமுறைக்கு வரும்வரைக்கும், வெளிநாட்டு ஓட்டல் வேலை தூண்டிலே, தூண்டிலே என்று தாங்கள் தீர்ப்பு வழங்கவேண்டும் எனக் கேட்டு அமைகிறேன். (நீண்ட கைதட்டல்)